மார்கிறட் வீட்டு மண்ணெண்ணெய்ப் பிறிட்ஜ்

காலை ஏழு மணிக்கு மார்கிறட்டின் முற்றத்தில் நாலைந்து பேர் நிற்பார்கள். எட்டு மணிக்கு ஒரு குஞ்சுகூட இருக்காது. இன்சுலின் ஊசி போட்டவர்கள் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு வேர்த்து, தலை சுற்றி, வழியிலேயே விழுந்துவிடுவார்கள். அதனால் வந்தவர்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டபடியே படலையைத் திறந்து போய்விடுவார்கள். "கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோவன்" என்று சொல்ல மார்கிறட்டுக்கு வாய் உன்னும். சொல்லமாட்டாள். சீனி வருத்தக்காரனோடு பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவள் அவள். அப்படி மறிக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

அவர்களை அங்கே வரச்செய்தது குசினி மூலையில் நின்ற பிறிட்ஜ். வன்னியில் கரண்ட் இல்லாமற்போய் வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் அந்தப் பிறிட்ஜுக்குக் கரண்ட் வேண்டியதில்லை. அடியில் தட்டையாக ஒரு எண்ணெய்த் தொட்டி, அதிலே ஒரு திரி. மண்ணெண்ணெயில் திரி எரிய, முதுகுப் பக்கமாக ஏறுகிற புகைக்குழாய் சுடும்; உள்ளே குளிரும். மார்கிறட்டின் புருஷன் மரியநேசன் சிலாவத்தைக் கரையில் சொந்த வள்ளம் வைத்திருந்த காலத்தில், றோட்டுப் போட வந்தவர்களின் முகாம் கலைந்தபோது அதை வாங்கி வந்தான். குளிர்ந்த தண்ணீர் குடிக்க ஆசைப்பட்டுத்தான் வாங்கினான். "நெருப்பு வைச்சுக் குளிராக்கிறானாம்" என்று கரை முழுக்கச் சிரித்தது. சில வருடத்தில் அவனுக்குச் சீனி வருத்தம் வந்து, ஊசி மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்ன பிறகு எவரும் சிரிக்கவில்லை.

தொண்ணூற்றாறில் கரையோரம் முழுக்க ஷெல் விழத் தொடங்கியபோது சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. மரியநேசன் வலைகளை விட்டுவிட்டுப் பிறிட்ஜை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினான். "வலையில்லாமல் என்னத்தைத் தின்னப்போறம்?" என்று மார்கிறட் கத்தினாள். அவனோ முள்ளியவளை வரும்வரை பெட்டிக்குள் எழுந்து நின்று, சரியவிடாமல் பிறிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி வந்தான்.

முள்ளியவளையில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் கிடைத்தது. அடுத்த வருடம் அவன் காலில் வந்த புண் ஆறவில்லை. காலை எடுத்தார்கள், பிறகு அவனும் போய்விட்டான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுடைய சகோதரங்கள் மன்னாருக்கும் மடுவுக்கும் இராமேஸ்வரத்துக்குமாகச் சிதறிப்போயிருந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்த அயலவர்கள் முப்பத்தோராம் நாளோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் ஆயிரம் பாடு.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி ஆளனுப்பிக் கேட்டாள். ஊரிலே இன்சுலின் போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஐந்து கட்டை நடக்கமாட்டாமல் தவிக்கிறார்கள், மார்கிறட்டுக்கு ஊசி போடவும் தெரியும், பிறிட்ஜும் இருக்கிறது, என்ன சொல்கிறா என்று. மார்கிறட் யோசிக்காமலே ஓம் என்றாள். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் மருந்தைப்போல அருமை. வருகிறவர்கள் முறை வைத்து ஒவ்வொரு போத்தல் கொண்டுவந்தார்கள். தன் புருஷனுக்குப் போட்ட அதே கண்ணாடி ஊசியை அவித்து அவித்து அவள் எல்லாருக்கும் போட்டாள். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரி. விடாமல் அடித்த மழை ஓய்ந்த ஒரு காலையில், வழக்கம்போலப் பிறிட்ஜைத் திறந்து மருந்துப் போத்தலை எடுத்தாள். கையில் குளிர் ஏறவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையைப் பிறிட்ஜின் பின்பக்கம் கொண்டுபோனவள் சுட்டு இழுத்துக்கொண்டாள். பெயின்ற் தீய்ந்த மணம் வந்தது. தகடு ஓரிடத்தில் பழுப்பேறியிருந்தது.

முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் போட்டு அனுப்பினாள்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவள் தன்னையே கேட்டாள். எப்படியும் சரிப்படுத்திவிடலாம் என்று நினைத்தது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. பிறிட்ஜ் பழுது என்றால் நாளைக்கு யார் வருவார்கள்?

ஆட்கள் போனதும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலத்தில் குந்தினாள். மரியநேசன் உயிரோடு இருக்கும்வரை அவளைப் பிறிட்ஜில் தொடவிட்டதில்லை. "நீ கை வைச்சால் பழுதாக்கிப்போடுவாய்." எண்ணெய் விடுவதும் திரி வெட்டுவதும் அவன்தான். அவன் போன பிறகு எண்ணெய் விடப் பழகியிருந்தாள். மற்ற எதுவும் தெரியாது.

தொட்டியை இழுத்துப் பார்த்தாள். சுவாலை மஞ்சளாக, நாக்கை நீட்டிக்கொண்டு எரிந்தது. அது நீலமாக, மட்டாக நிற்கவேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அணைத்து, ஆறவிட்டு, கருகிய திரியைக் கத்தரிக்கோலால் ஒரே சீராக வெட்டினாள். புகைக்குழாயைத் துழாவியபோது கையோடு கம்பியொன்று வந்தது. அதன் நுனியில் முறுக்கிய தகடு ஒன்று தொங்கியது, கரி அப்பி, தடித்துப்போய். அப்படி ஒன்று அதற்குள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தும்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குழாய்க்குள் கந்தைத்துணி சுற்றிய ஈர்க்குக் கட்டு ஒன்றை விட்டு இழுத்தாள். கரி முகமெல்லாம் கொட்டியது. பிறகு முதுகைச் சுவருக்குக் கொடுத்துப் பிறிட்ஜை நெம்பி, காற்றோட்டத்துக்கு ஒரு முழ இடைவெளி விட்டாள். திரும்பக் கொளுத்தியபோது சுவாலை நீலமாக நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தியே? பழுதாக்கேல்லை" என்றாள். கேட்க ஆள் இருக்கவில்லை.

பின்னேரம் திறந்து பார்த்தாள். உள்ளே வெக்கை. பின்பக்கம் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. சுவாலையைக் குறைத்தாள். அடுத்த நாள் கூட்டினாள். எதைச் செய்தாலும் பின்னால் சூடுதான் ஏறியது, முன்னால் குளிர் வரவில்லை. மருந்துப் போத்தல்களை ஈரத்துணியில் சுற்றி உள்ளே வைத்து, காலையில் ஆட்கள் வருமுன் துணியைக் கழற்றி ஒளித்தாள். அந்த வேலையைச் செய்யும்போது அவளுக்குத் தன் கையையே பிடிக்கவில்லை.

கண்டுபிடித்தவள் அழகம்மா. அவள் புருஷன் மாயாண்டிக்குத்தான் ஊசி. அவளும் கூடவே வருவாள். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்து, கூலி வேலை செய்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். அன்று முறைக்குக் கொண்டுவந்த மண்ணெண்ணெயை வைக்கக் குசினிக்குள் வந்தவள் பிறிட்ஜில் கையூன்றிவிட்டுத் துள்ளினாள்.

"அக்கா! பொட்டி இப்புடிக் கொதிக்குதே! அடுப்பாட்டம் இருக்குங்க!"

முற்றத்தில் நின்ற தவராசாவுக்குக் கேட்டுவிட்டது. மிளகாய்த் தோட்டம் செய்கிற மனிதர். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறவர். உள்ளே வந்து தன்னுடைய போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து திரண்டு, வெள்ளைத் துகள் துகளாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"எத்தினை நாளா இப்பிடி?"

"ரெண்டு மூண்டு நாள்... திருத்திப்போடலாம் எண்டு..."

"ஏனக்கா சொல்லேல்லை? நேற்று முழுக்கத் தலையிடி, தண்ணி விடாய். நான் என்னவோ எண்டு கிடந்தனான்." குரலை உயர்த்தவில்லை. "இந்தப் போத்தலை எடுக்க நான் எத்தினை நாள் அலைஞ்சனான் தெரியுமே?"

"தம்பி, பிழைதான். நான்..."

அவர் நின்று கேட்கவில்லை. மற்றவர்களும் தங்கள் தங்கள் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் ஏசவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அழகம்மா மட்டும் படலையில் நின்று, "ஈர மணல்ல பானைய வச்சு அதுக்குள்ள வச்சுக்கிறோம், நீங்க வெசனப்படாதீங்க" என்று சொல்லிப்போனாள்.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் மார்கிறட் ஊசியை அவித்தாள். அவித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. படலை பூட்டியபடி கிடந்தது. தண்ணீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே ஊற்றினாள். அன்று முழுக்க அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டிவரவில்லை. பின்னேரம் கோழியைக் கலைக்கக் குரல் கொடுத்தபோது அது கரகரத்து வந்தது.

சுகாதாரப் பகுதியில் தடுப்பூசி மருந்துப் பிறிட்ஜுகளைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வநாயகம் என்றொருவர் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் இருப்பதாக மரியநேசன் எப்போதோ சொன்னது நினைவில் வந்தது. அடுத்த நாள் விசாரித்து விசாரித்து நடந்துபோனாள். அவர் முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டு கதிரையில் இருந்தார். எழுபது வயது இருக்கும். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்.

"நெருப்பு என்ன நிறம் தங்கச்சி?"

"இப்ப நீலம் அண்ணை. முந்தி மஞ்சள்."

"புகைக்குழாய்?"

"துடைச்சிட்டன். உள்ள கிடந்த முறுக்குத் தகட்டையும் கழுவினனான்."

"சுவருக்கும் முதுகுக்கும் இடை விட்டிருக்கோ?"

"ஓம், ஒரு முழம்."

"நல்லது. நிலம் சீமெந்தோ, மண்ணோ?"

"மண்."

"இந்த மழையோட மண் இறங்கியிருக்கும். மட்டம் பாத்தனீங்களோ?"

"என்ன மட்டம்?"

"பிறிட்ஜுக்கு மேல ஒரு சோசரிலை தண்ணி வைச்சுப் பாக்கிறேல்லையோ? தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கினா, காலுக்குக் கீழ தகடு வைச்சுச் சரிக்கட்டவேணும்."

மார்கிறட்டுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பிறிட்ஜின் தலையில் எப்போதும் ஒரு சோசர் தண்ணீர் இருக்கும். மரியநேசன் காலையில் அதன் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். எறும்புக்கு வைத்திருக்கிறானாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் செத்த பிறகு, தூசி விழுந்து கிடக்கிறதே என்று கழுவி அடுக்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. அந்த இடத்திலே, முன்பின் தெரியாத ஒருவரின் முற்றத்திலே, அவளுக்குப் புருஷன்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. செத்தவீட்டன்று வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

செல்வநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைத் தேய்த்தார். அவள் கண்ணைத் துடைத்த பிறகு சொன்னார்:

"உதுக்குள்ள மோட்டர் எண்டு ஒண்டும் இல்லை. கீழ சூடாகிறது ஆவியா மேல போகும். குளிர்ந்து தன்ரபாட்டில கீழ வழிஞ்சு வரும். பெட்டி சரிஞ்சா வழியமாட்டுது, ஓரிடத்தில தேங்கிப்போடும். பிறகு கீழ வெறுஞ்சட்டிதான் காயும். அதுதான் அந்தச் சூடு. இனி மட்டமாக்கினாலும் உடன வேலை செய்யாது. தேங்கினதைக் கலைக்கவேணும். தலைகீழா நிறுத்துங்கோ."

"என்னத்தை?"

"பிறிட்ஜைத்தான். எண்ணெய்த் தொட்டியைக் கழட்டிப்போட்டுத் தலைகீழா நிறுத்தி, ஒரு நாள் விடுங்கோ. பிறகு நிமித்தி, அரைநாள் ஆறவிட்டுக் கொளுத்துங்கோ."

"பகிடி விடாதையுங்கோ அண்ணை."

"சத்தியமாத்தான். எனக்கு இந்தக் கால் ஏலாது, இல்லாட்டி வந்திருப்பன். ஆரும் ரெண்டு பேரைப் பிடியுங்கோ."

ரெண்டு பேர். திரும்பி நடந்த வழியெல்லாம் அந்த இரண்டு பேரைத்தான் மார்கிறட் தேடினாள். தவராசாவின் வேலி வந்தது. அவர் உள்ளே மிளகாய்ப் பாத்தியில் நின்ற மழைத்தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நின்று கூப்பிட எண்ணினாள். கால் நிற்கவில்லை. கடைசியில், சனம் குறைந்து காடு தொடங்குகிற எல்லைவரை நடந்து அழகம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். நாள் தவறாமல் வந்து போனவர்களின் வீட்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை.

மாயாண்டி வாசலில் குந்தியிருந்தான். செம்பில் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தான். வைத்தான். திரும்ப எடுத்தான். மார்கிறட்டுக்கு விளங்கிவிட்டது.

"அழகம்மா, ஊசி போட்டதோ?"

அழகம்மா தலையைக் குனிந்தாள். "மருந்து பானையில பத்திரமா இருக்குங்கக்கா. ஊசிதான் இல்ல. இருந்தாலும் எனக்குக் குத்தத் தெரியாது. தவராசா அண்ணன் தானே குத்திக்கிறாராம், ஆசுபத்திரியில காட்டிக் குடுத்தாங்களாம். இவுரு மாட்டேங்கிறாரு."

"மருந்தையும் எடுத்துக்கொண்டு இப்பவே வாங்கோ."

பிறிட்ஜ் கதையை அவள் வழியில்தான் சொன்னாள். மாயாண்டி வாடிப்போயிருந்த நிலையிலும் சிரித்தான். "தலகீழாவா? மனுசன நிறுத்தினாலே மண்ட கிறுகிறுத்துப் போவுமே!"

வீட்டுக்கு வந்ததும் அவள் மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துகள் இல்லை. ஊசி போட்டாள். போட்ட கையோடு உலையை வைத்தாள். அவர்களின் வீடு தூரம், அங்கே போய்ச் சாப்பிட நேரம் காணாது. சோறும் கீரையும் ஒரு கருவாட்டுத் துண்டும். நீண்ட காலத்துக்குப் பிறகு அந்தக் குசினியில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்துப் பரிமாறினாள். மாயாண்டி தின்னத் தின்ன அவன் முகத்தில் உயிர் வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மூவருமாகத் தொட்டியைக் கழற்றி, நிலத்தில் சாக்குகளை விரித்து, பிறிட்ஜை மெல்லச் சரித்தார்கள். படுக்கவைத்து, மூச்சு வாங்கி, கால்கள் மேலே இருக்கத் தூக்கி நிறுத்தினார்கள். உள்ளே எங்கோ களக்களக் என்று ஒரு சத்தம் உருண்டு இறங்கியது. வயிறு இரைகிற மாதிரி.

"உசுரு இருக்குங்க" என்றான் மாயாண்டி, ஒரு அடி பின்னால் போய்.

மார்கிறட் வாய்விட்டுச் சிரித்தாள். அழகம்மாவுக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டாயிற்று, இனி ஓடவேண்டிய அவசரம் இல்லை. மழைக்கு ஒதுங்கிய கோழிகளைப் போல மூவரும் குசினி வாசலில் இருந்தார்கள். மாயாண்டி தேயிலைத் தோட்டத்துக் குளிரைப் பற்றிக் கதைத்தான். மார்கிறட் வள்ளத்தைப் பற்றிக் கதைத்தாள். வலையை விட்டுவிட்டுப் பிறிட்ஜைத் தூக்கிய கதையைச் சொன்னபோது, "அந்த மனுசன் சரியாத்தான் பண்ணியிருக்காரு" என்றாள் அழகம்மா.

பொழுது சாயத் தொடங்கியபோது அழகம்மா தயங்கிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எனக்கும் ஊசி போடக் காட்டிக் குடுக்கிறீங்களா? இவருக்குக் கால்ல மதமதப்பு வந்திருச்சு. மழையில இம்புட்டுத் தூரம் நடக்க ஏலாது."

காட்டிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பது மார்கிறட்டுக்குக் கேள்வி முடியுமுன்னே தெரிந்தது. மரியநேசனின் கால் எப்படித் தொடங்கியது என்பதும் தெரியும். எழுந்துபோய் ஒரு வாழைத்தண்டு வெட்டிவந்தாள். ஊசியில் பச்சைத் தண்ணீர் இழுத்து, காற்றை வெளியே தட்டி, தோலைக் கிள்ளிப் பிடித்துச் சரித்துக் குத்தும் விதத்தைத் தண்டிலே காட்டினாள். அழகம்மா முதல் தரம் செங்குத்தாக இறக்கிவிட்டாள். பிறகு சரிவு பிடிபட்டது. போகும்போது, வீட்டிலிருந்த இரண்டு ஊசிகளில் நல்லதை மார்கிறட் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"அவிச்சுப்போட்டுத்தான் குத்தவேணும். மறக்காதையுங்கோ. காலை நெடுகப் பாருங்கோ, சின்னக் கீறலெண்டாலும் விடாதையுங்கோ."

மறுநாள் அவர்களே வந்து பிறிட்ஜை நிமிர்த்தினார்கள். சோசரில் தண்ணீர் வைத்து, ஒரு காலுக்குக் கீழே ஓட்டுத் துண்டு செருகி, தண்ணீர் நடுவில் நிற்கும்வரை பார்த்தார்கள். ஆறவிட்டுக் கொளுத்தியதும் மார்கிறட் அருகிலேயே இருந்தாள். பின்பக்கம் கை பொறுக்கிற சூடு. அடுத்த நாள் கதவைத் திறந்தபோது உள்ளே தகட்டில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

திருத்தியாயிற்று என்று ஆளுக்காள் சொல்லியனுப்பினாள். ஒரு கிழவி கொஞ்ச நாள் வந்தாள். பிறகு மகளோடு கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டாள். மற்றவர்களுக்குப் பானையும் மணலும் பழகிவிட்டது. தவராசா ஒரு நாள் வழியில் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "கோவிக்காதையுங்கோ அக்கா. நானே குத்திறன் இப்ப. சுகமாக் கிடக்கு" என்றார். "கோபம் என்னத்துக்குத் தம்பி" என்றாள். சைக்கிள்காரியரில் இருந்த மிளகாயில் ஒரு பிடி அள்ளி அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

வெறும் தண்ணீர்ப் போத்தல்களுக்காக மண்ணெண்ணெய் எரிக்க முடியாது. தை பிறந்ததும், பிள்ளைகளின் தடுப்பூசி மருந்து வைக்கப் பிறிட்ஜ் தேவைப்படுகிறது என்று பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது கேட்டு வந்தாள். மார்கிறட் கொடுத்துவிட்டாள். உழவு இயந்திரத்தில் ஏற்றியவர்களிடம், "படுக்கப்போடாதையுங்கோ, நிமித்திப் பிடியுங்கோ" என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போனாள்.

அழகம்மா வருகிறவள்தான். களை பிடுங்குகிற காலமும் அரிவு வெட்டுகிற காலமும் போக, கூலி இல்லாத நாள் பார்த்து வருவாள். வந்தால் ஆறுதலாக இருப்பாள். மாயாண்டியின் காலைப் பற்றி மார்கிறட் துருவித் துருவிக் கேட்பாள். ஆனால் கூலி இல்லாத நாள் மாதத்தில் எத்தனை வரும்?

பிறிட்ஜ் போன அன்று குசினி மூலை பாழாய்க் கிடந்தது. நிலத்தில் நாலு கால் பதிந்த குழிகள். ஒன்று மற்றவற்றைவிட ஆழம். மார்கிறட் மண் போட்டு மிதித்துச் சமப்படுத்தினாள். மழை நேரத்தில் அந்த மூலைதான் ஒழுகாத இடம் என்று அப்போதுதான் கவனித்தாள். பின்னேரம் தன் பாயையும் தலையணையையும் எடுத்துவந்து அங்கே விரித்தாள்.